மென்பொறியாளன் வைத்த பொறி

“தோலை உரித்துப் பார்” என்றார் பக்கத்து நிலத்துப் பெரியவர். காலை ஏழு மணி. காலடியில் ஒரு மாத ஆட்டுக்குட்டி செத்துக் கிடக்கிறது. என் கையில் சமையலறையிலிருந்து எடுத்து வந்த காய் நறுக்கும் கத்தி. நரியைப் போன்ற கயோட்டிதான் கொன்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரவெல்லாம் ஓடைப் பக்கம் ஊளை கேட்டிருந்தது. அப்புறம் எதற்கு உரிப்பது?

அது 2019 மார்ச். டெக்சாஸில் லானோ மாவட்டத்தில் 42 ஏக்கர் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாறை, ஓக் மரம், நம் சீமைக்கருவேலத்தின் பங்காளியான மெஸ்கீட் முள்மரம், நடுவில் மழைக்கு மட்டும் ஓடும் ஓர் ஓடை. பிழைப்பு ஆஸ்டினில் மென்பொருள் வேலை. ஆடு வாங்கியதற்குப் பாதிக் காரணம் சொத்து வரி. நிலத்தில் உண்மையாக விவசாயமோ கால்நடையோ நடந்தால், சந்தை விலைக்கு வரி போடாமல் நிலம் தரக்கூடிய வருமானத்தை வைத்துத்தான் இங்கே வரி போடுவார்கள். மீதிப் பாதி, காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் ஆடு மேய்த்த வீட்டில் பிறந்தவன் என்கிற திமிர்.

பெரியவர் கத்தியை வாங்கி அவரே உரித்தார். கயோட்டி என்றால் தாடைக்குக் கீழே தொண்டையைக் கவ்வி, மூச்சு நிற்கும்வரை விடாது. வெளியே பார்த்தால் நாலு சின்னத் துளை, சில சமயம் அதுகூடத் தெரியாது. உள்ளே தோலுக்கடியில் ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். ரத்தக்கட்டு இல்லையென்றால் குட்டி வேறு எதனாலோ செத்து, அப்புறம் தின்னப்பட்டிருக்கிறது. எங்கள் குட்டிக்குத் தொண்டை சுத்தமாக இருந்தது. தொடையும் பின்பக்கமும்தான் தாறுமாறாகக் கிழிந்திருந்தன. தின்றது கொஞ்சம்கூட இல்லை. பட்டியில் இன்னும் மூன்று ஆடுகளுக்குக் காது பிய்ந்திருந்தது. “இது பசிக்குக் கொன்றதில்லை. விளையாட்டுக்குக் கொன்றது. யாரோ சோறு போட்டு வளர்க்கிற நாய்” என்றார். இரண்டு நாள் கழித்து, சாலைக்கு அந்தப்பக்க வீட்டிலிருந்து இரண்டு நாய்கள் என் வேலியைத் தாண்டி வருவதை நானே பார்த்தேன். உட்கார்ந்து பேசினோம், அவர்கள் கட்டிப் போட்டார்கள், முடிந்தது. ஊரில் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் இப்போது பட்டிகளில் புகுந்து ஆடு கடிப்பதும் நாய்கள்தான் என்று அப்பா தொலைபேசியில் சொன்னார்.

காட்டுப்பூனை இனத்தைச் சேர்ந்த பாப்கேட் என்றால் தோளிலும் கழுத்திலும் நகக்கீறல் இருக்கும். மிச்சத்தை இலை தழை போட்டு மூடிவிட்டும் போகும். கறுப்புப் பிணந்தின்னிக் கழுகு, ஈனும்போதே வந்து குட்டியின் கண்ணையும் நாக்கையும் கொத்தும். அதை அனுமதி இல்லாமல் சுட்டால் குற்றம், மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள பறவை. ஆகவே பொறி, துப்பாக்கி எதற்கும் முன்னால் கத்தியை எடுத்து உரித்துப் பார்க்கப் பழகுங்கள். பழகினால் குமட்டல் போய்விடும்.

ஏப்ரல் கடைசியில் உண்மையான கயோட்டி வந்தது. தொண்டையில் துளை, உள்ளே கறுப்பு, விலா எலும்புக்குப் பின்னால் வயிற்றைத் திறந்து குடலைத் தின்றிருந்தது. அந்த வசந்தத்தில் மூன்று குட்டிகள் போயின.

அந்த விலங்கைப் பற்றிக் கொஞ்சம். நம் குள்ளநரிக்கு உறவு, அதைவிடச் சற்றுப் பெரிது. படத்தில் பார்த்து ஓநாய் அளவுக்கு நினைத்திருந்தேன்; பின்னாளில் தூக்கிப் பார்த்தது 13 கிலோ. கயோட்டி என்பது மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல் ஸ்பானிஷ் வழியாக வந்தது. பெரியவர் வாயில் அது ‘கையோட்’, இரண்டே அசை. மூன்றாவது அசையைச் சேர்த்துச் சொன்னால் நகரத்துக்காரன் என்று கண்டுகொள்வார்கள். மேற்குப் புல்வெளிகளில் இருந்த விலங்கு, ஓநாயை மனிதர்கள் ஒழித்த பிறகு நாடு முழுவதும் பரவிவிட்டது. இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் உண்டு. நூறு வருடத்துக்கு மேல் சுட்டும் பொறி வைத்தும் விஷம் வைத்தும் பார்த்தார்கள். 1972இல் நிக்சன் மத்திய அரசு நிலங்களில் விஷத்தை நிறுத்தினார். எதற்கும் அது குறையவில்லை.

சட்டம் டெக்சாஸில் எளிது, பக்கத்து மாநிலத்தில் வேறு மாதிரி இருக்கலாம். இங்கே கயோட்டிக்குத் தடைக்காலம் கிடையாது. கால்நடையைத் தாக்கும் கயோட்டியை நில உரிமையாளர் வேட்டை உரிமம் இல்லாமலே கொல்லலாம். நான் எதற்கும் இருக்கட்டும் என்று உரிமம் வாங்கினேன்; 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் அதற்கு வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பன் துப்பாக்கியைச் சும்மா கையில் பிடித்துப் படம் எடுப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கிரீன் கார்டு வரும்வரை தொடவே இல்லை.

உயிரோடு பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று என் மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் டெக்சாஸில் கயோட்டியை உயிரோடு ஏற்றிச் செல்வதே குற்றம். காரணம் வெறிநோய். 1988இல் தென் டெக்சாஸில் நாய்களிடமும் கயோட்டிகளிடமும் பரவத் தொடங்கிய வெறிநோயை அடக்க, 1995 முதல் விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த தீனியைக் காடெல்லாம் போட்டுக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். இந்த நிலையில் விலங்கை இடம் மாற்றினால் நோயும் கூடவே போகும். அதோடு கூண்டுப் பொறிக்குள் கயோட்டி லேசில் நுழையாது. நுழைவது பக்கத்து வீட்டுப் பூனைதான்.

சரி, துப்பாக்கிக் கதைக்கு வருகிறேன். 2020 பிப்ரவரி. இனச்சேர்க்கைக் காலம் என்பதால் ஊளைக்கும் அழைப்புக்கும் நன்றாக வரும் மாதம். பெரியவர் கற்றுக்கொடுத்தது முழுக்கக் காற்றைப் பற்றித்தான். விடிவதற்கு முன்னால் போய், மரநிழலில் முதுகைச் சாய்த்து, சூரியன் பின்னால் இருக்கும்படி உட்கார வேண்டும். அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஊதுகுழலில் ஊதினால் அது நேராக வராது. சுற்றி வளைத்து, காற்று நம்மைக் கடந்து போகும் கீழ்ப்பக்கம் போய் மோந்து பார்த்துவிட்டுத்தான் வரும். ஆகவே அந்தக் கீழ்ப்பக்கம் திறந்தவெளியாக, உங்கள் பார்வைக்குள் இருக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்து அரை மைல் தள்ளிப் போக வேண்டும். ஒரே இடத்தில் தினமும் ஊதினால் அதற்குப் பாடம் நடத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

நாலாவது காலையில் ஒன்று வந்தது. 80 கஜத்தில் நின்று என்னைப் பார்த்தது. சுட்டேன். பெட்டை. அன்று பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை. பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “அக்டோபரிலிருந்து உனக்கு எத்தனை ஆடு போச்சு?” ஒன்றுகூட இல்லை. அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த வசந்தத்தில் 26 குட்டிகளில் ஒன்பது போயின.

நான் சுட்டதால்தான் போயின என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அதன் பிறகு படித்தவை என் தூக்கத்தைக் கெடுத்தன. கலிபோர்னியாவில் ஹோப்லண்ட் ஆய்வுப் பண்ணையில் கயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பார்த்தபோது, ஆட்டுக்குட்டிகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்தந்த எல்லையை ஆளும் ஜோடிகள்தான். ஊர் சுற்றும் இளசுகள் அல்ல. யூட்டாவில் ஜோடிகளுக்குக் கருத்தடை செய்து பார்த்தார்கள். வளர்க்கக் குட்டி இல்லாத ஜோடி குறைவாகவே ஆடு கொன்றது. ஏப்ரல், மே மாதங்களில் ஈன்று ஐந்தாறு குட்டிக்கு இரை தேடும்போதுதான் அவை பெரிய இரையில் கை வைக்கின்றன. ஆட்டைத் தொடாத ஜோடி ஒன்று உங்கள் நிலத்தில் இருந்தால், அது மற்றக் கயோட்டிகளை உள்ளே விடாது. அதைக் கொன்றால் எல்லை காலியாகிறது. வருவது எப்படிப்பட்டது என்று வந்த பிறகுதான் தெரியும். எல்லாவற்றையும் கொன்றுவிட்டால்? 1975இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் போட்ட கணக்குப்படி, ஒரு பகுதியில் ஒவ்வொரு வருடமும் முக்கால்வாசிக் கயோட்டிகளைக் கொன்றுகொண்டே இருந்தால்தான் அவை அற்றுப்போகும். இருப்பவை குறைந்தால் அடுத்த ஈற்றில் கூடுதலாகக் குட்டி போட்டு ஈடுகட்டிவிடும். 42 ஏக்கர்காரன் செய்கிற வேலையா அது?

ஆனாலும் இப்போது வந்திருப்பது ஆடு தின்னப் பழகிய ஜோடி. அதைப் பிடித்தாக வேண்டும். துப்பாக்கி முன்னால் வருவது எதுவோ அதைத்தான் சுடும். ஆடு செத்த இடத்துக்கும் வேலிக்கும் நடுவில் வைக்கிற பொறியில் குற்றவாளி சிக்க வாய்ப்பு அதிகம். இப்படித்தான் மென்பொறியாளன் பொறியாளன் ஆனேன்.

கால்பொறி மூன்றாம் எண் அளவு, தாடையில் ரப்பர் பட்டை வைத்தது, ஆறு வாங்கினேன். புதுப் பொறியில் எண்ணெய் நாறும். சோப்பில் கழுவி, வெளியில் தொங்கவிட்டு லேசாகத் துருப்பிடிக்க வைத்து, சாயமரத்தூள் போட்டுக் கொதிக்க வைத்து, உருகிய மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். ரப்பர் உள்ள பொறியை மெழுகில் முக்கக் கூடாது, அதற்கான பூச்சு தனியாக உண்டு என்பதை ஒரு பொறியின் ரப்பரை உருக்கிய பிறகு தெரிந்துகொண்டேன்.

வைக்கும் முறை இது. வழக்கமாகக் காற்று வரும் பக்கம் பார்த்து, கைமுட்டி அகலத்தில் அரை அடி ஆழத்துக்குச் சாய்வாக ஒரு வளை தோண்ட வேண்டும். ஏதோ விலங்கு தீனியைப் புதைத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும். உள்ளே அழுகிய இறைச்சித் துண்டு, மேலே ஒரு பிடி காய்ந்த புல். விளிம்பில் கயோட்டி மூத்திரம் நாலு சொட்டு (கடையில் சீசாவில் விற்கிறார்கள், காரில் கசிந்தால் காரை விற்க வேண்டியதுதான்). வளையிலிருந்து ஒரு சாண் தள்ளி, நடுக்கோட்டிலிருந்து இரண்டு விரல் ஒதுக்கிப் பொறி. ஏன் ஒதுக்க வேண்டும்? மூக்கு வளைக்கு நேராக இருக்கும்போது முன்கால்கள் இருபக்கமும் இருக்கும். நடுவில் வைத்தால் இரண்டு காலுக்கும் இடையில் போய்விடும். சங்கிலி குட்டையாக, இரண்டு இடத்தில் சுழலும் வளையத்தோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் முறுக்கிக்கொண்டு காலை உடைத்துக்கொள்ளும். முளைக்கு இரண்டு முறுக்குக் கம்பிகளைக் குறுக்காக அடிக்க வேண்டும். மேலே காய்ந்த மண்ணைச் சல்லடையில் சலித்துத் தூவ வேண்டும். கால் மிதிக்கும் தட்டுக்கு அடியில் மண் போகாமல் ஒரு துணித்துண்டு வேண்டும்.

இதெல்லாம் செய்தும் பன்னிரண்டு நாள் ஒன்றும் சிக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் போனால், பொறியை நாசூக்காகத் தோண்டி வெளியே எடுத்து வைத்து, பக்கத்திலேயே மலம் கழித்துவிட்டுப் போயிருந்தது. பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு குனிந்து, இன்னொரு பொறியின் ஓரத்தை விரலால் அழுத்தினார். ஆடியது. “காலுக்கு அடியில் ஏதாவது அசைந்தால் நீ நிற்பாயா?” பொறியின் நாலு பக்கமும் மண்ணைக் குத்திக் குத்தி இறுக்க வேண்டும், பாறை மாதிரி உட்கார வேண்டும். முக்கியமான விஷயம் இதுதான். வாசனைத் தைலம் வாங்கச் செலவழித்த காசெல்லாம் வீண்.

அடுத்த வாரம், நாற்ற நீரைப் பீச்சும் ஸ்கங்க் என்கிற சின்ன விலங்கு ஒன்று சிக்கியது. அந்த நாற்றத்தை விவரிக்கப் போவதில்லை. தட்டின் இறுக்கத்தைக் கூட்டி வைத்தால் இலேசான விலங்கு மிதித்தாலும் பொறி விழாது என்று அப்போது கற்றேன். பொறி வைத்தால் தினமும் விடியும்போது போய்ப் பார்த்தாக வேண்டும். ரோம விலங்குகளுக்கு வைக்கும் பொறியை 36 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது டெக்சாஸ் விதி. எனக்கு அது போதாது. ஊருக்குப் போகிறேன், பயணம் இருக்கிறது என்றால் பொறியை மூடிவிடுங்கள்.

அந்த ஜூனில் நடந்ததை எழுதத்தான் கை கூசுகிறது. முந்தின இலையுதிர் காலத்தில் கிரேட் பிரெனீஸ் என்கிற ஆட்டுக் காவல் நாய்க்குட்டிகள் இரண்டு வாங்கி ஆடுகளோடு வளர்த்துவந்தேன். ஒரு விடியலில் பொறியில் உட்கார்ந்திருந்தது அந்த இரண்டில் ஒன்று. ஊளையிடவில்லை, இழுக்கவில்லை; நான் வருவேன் என்று காத்துக்கொண்டிருந்தது. மேல்சட்டையைக் கழற்றித் தலையில் போர்த்தி, இரண்டு காலாலும் பொறியின் நெம்புகளை மிதித்துத் திறந்தேன். ரப்பர் புண்ணியத்தில் எலும்பு உடையவில்லை, இரண்டு நாள் நொண்டியது. மேய்ச்சல் வேலிக்கு உள்ளே நான் பொறி வைத்தது அதோடு சரி. கம்பிச் சுருக்கைத் தொடவே இல்லை. வேலி ஓட்டைகளில் இங்கே பலரும் வைப்பது அதைத்தான், மலிவும்கூட. ஆனால் நாயின் கழுத்தில் விழுந்தால் விடியும்வரை காத்திருக்காது.

ஆகஸ்டில் வேலிக்கு வெளியே ஓடைக்கரைத் தடத்தில் கயோட்டி ஜோடியில் ஆண் சிக்கியது. சின்னத் துப்பாக்கியால் ஒரே குண்டு. கையுறை போட்டுத்தான் தூக்கினேன். வெறிநோய், சொறி இரண்டுக்கும் பயம். பத்து நாளில் பெட்டையும் சிக்கியது. அந்த வருடம் அப்புறம் ஒன்றும் போகவில்லை. மறு வசந்தத்தில் ஐந்து போயின.

2022 அக்டோபரில் அப்பா வந்தார். எழுபது வயதில் முதல் விமானப் பயணம். மறுநாள் காலையிலேயே கைத்தடியோடு கிளம்பிவிட்டார். பொறிகளையும் மெழுகுச் சட்டியையும் பெருமையாகக் காட்டினேன்.

“ஏண்டா கண்ணு, இத்தன காசு போட்டு வாங்கிருக்கற. வேலிய ஒருக்கா சுத்தி நடந்தியா?”

“ட்ரோன்ல பாத்தனுங்ப்பா.”

அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பதில் இல்லை. எங்கள் ஊரில் கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை முள் வேலி. அதில் ஒரு கோழிக்குஞ்சு நுழையும் சந்து விழுந்தாலும் அன்றே முள்ளை வைத்து அடைப்பார்கள். என் வேலி பின்னல் கம்பி, நாலடி உயரம், நல்ல வேலி என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு நாளில் பதினொரு இடம் காட்டினார். அடிக்கம்பியில் நாலு மயிர் சிக்கியிருக்கும், கீழே மண் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். கயோட்டி முடிந்தவரை தாண்டாது, நுழையும். “இதா பாரு, வாசலு” என்று தடியால் தட்டினார்.

பத்தை அடைத்தோம். கல்லும் மெஸ்கீட் முள்ளும் முதலில். பிறகு இரண்டடி அகலக் கம்பி வலையை வேலி அடியில் கட்டி, வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து முளையடித்தேன். தோண்ட வருவது வேலி ஓரத்தில்தான் தோண்டும், இரண்டடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. ஓடை குறுக்கிடும் இடம்தான் பெரும்பாடு. அங்கே மேலே கம்பியிலிருந்து தகடுகளைத் தொங்கவிட்டேன். வெள்ளம் வந்தால் அவை மேலெழும், வடிந்தால் இறங்கும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் போய்ப் பார்க்க வேண்டும். பதினோராவதை அடைக்கப் போனபோது அப்பா தடுத்தார்.

“ஒண்ண உடு. எல்லாத்தையும் அடச்சுட்டா எங்க வருதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அந்த ஓட்டை என் நாய்கள் நுழைய முடியாத அளவு. வெளிப்பக்கம் பொறிக்கு இடம் தயாராக இருக்கிறது, தேவைப்பட்டால்.

நாய்களும் அதற்குள் பெரியதாகிவிட்டிருந்தன. பிரெனீஸ் வாங்குவோர் முதல் இரண்டு வருடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆட்டுக்குட்டியோடு விளையாடிக் காதைக் கடிக்கும், இரவெல்லாம் குரைக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்து கொஞ்சினால் ஆட்டை விட்டு உங்களோடு வந்துவிடும். ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். ஒன்று விரட்டிப் போகும்போது மற்றது ஆட்டோடு நிற்கும். இதயப்புழு மருந்தை மட்டும் மாதம் தவறாமல் கொடுங்கள்.

ஈற்றுக் காலத்தையும் மாற்றினேன். கிடாவை ஆகஸ்டில் சேர்த்தால் ஐந்து மாதத்தில், ஜனவரியில் குட்டி விழும். குளிருக்குக் கொட்டகை வேண்டும், வைக்கோல் செலவு கூடும். ஆனால் கயோட்டி தன் குட்டிக்கு இரை தேடும் ஏப்ரலில் நம் குட்டி ஓடத் தெரிந்த குட்டி. இரவில் எல்லாம் பட்டிக்குள். 2023இல் ஒன்று போனது. அது என் தவறு, கதவை மாட்ட மறந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் போகவில்லை.

ஞாயிறுதோறும் வேலியைச் சுற்றி நடக்கிறேன். ஒன்றரை மணி நேரம். அன்று மாலை அப்பா கூப்பிடுவார். முதல் கேள்வி: “வாசல்ல மசுரு இருந்துச்சா?”

இந்த வாரம் இருந்தது. ஓடைக்கு அந்தப்பக்கம் ஒரு ஜோடி வந்து மூன்று மாதமாகிறது, விடியலில் ஊளை கேட்கிறது. குட்டிகளை எண்ணினேன், சரியாக இருக்கின்றன. பொறிகள் கொட்டகை ஆணியிலேயே தொங்குகின்றன.